ஒரே புட்டு, மூன்று நித்திரைக் குழப்பம்: இரவுச் சாப்பாட்டில் பிழை தேடும் வழி

நித்திரை குழம்பினால் யாழ்ப்பாணத்தில் முதலில் பழி விழுவது புட்டின் மேல்தான். "இரவில புட்டு வேண்டாம், வயித்துக்குள்ள கல்லுப்போலக் கிடக்கும்" என்று சொல்லாத பெரியவர்கள் குறைவு. கோண்டாவிலில் எங்கள் வீட்டிலும் அங்கேதான் தொடங்கினோம். என் கணவருக்குப் படுத்ததும் நெஞ்செரிவு. மாமிக்கு இரவில் மூன்று நான்கு தடவை சலம் போக எழும்ப வேண்டும். உயர்தரம் படிக்கும் மகனுக்குப் பன்னிரண்டு மணியாகியும் கண் மூடாது. இரண்டு கிழமை புட்டை நிறுத்திப் பாணும் பருப்பும் கொடுத்துப் பார்த்தேன். ஒருவருக்கும் எந்த மாற்றமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். ஒரு மாதம் எழுதிய பின் விளங்கியது இதுதான்: ஒரே நீத்துப்பெட்டியில் அவித்த புட்டைத்தான் மூன்று பேரும் சாப்பிட்டார்கள், ஆனால் பிழை மூன்று வெவ்வேறு இடங்களில் இருந்தது. கணவருக்குச் சாப்பிடும் நேரமும் பொரித்த குழம்பும். மாமிக்கு உப்பு. மகனுக்குப் பின்னேரத் தேத்தண்ணி. புட்டில் எந்தக் குற்றமும் இல்லை.

ஆகவே கீழே உள்ளதை உணவு வாரியாக எழுதவில்லை, அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு இரவில் என்ன நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போங்கள்.

தொடங்க முன்

ஏழு இரவுகளுக்கு ஒரு கொப்பியில் இவ்வளவையும் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், என்ன கறியுடன், பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, விழித்தபோது உடம்பில் என்ன தெரிந்தது. கடைசி இரண்டும்தான் முக்கியம். படுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் வரும் தொல்லைக்கும் இரவு இரண்டு மணிக்கு வரும் தொல்லைக்கும் காரணம் பெரும்பாலும் வேறு வேறு.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அந்த ஒன்றை நான்கைந்து இரவுகள் அப்படியே வைத்திருங்கள். தேத்தண்ணியையும் நிறுத்தி, புட்டையும் நிறுத்தி, எட்டு மணிக்கே சாப்பிட்டும் விட்டால், நித்திரை நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. எல்லாவற்றையும் காலம் முழுக்க விட்டுவிட்டு இருக்க யாராலும் முடியாது.

மூன்றாவது, நீரிழிவு, பிரஷர், இருதயம் என்று எதற்காவது குளிசை எடுப்பவர்கள் அந்தக் குளிசையின் அளவையோ நேரத்தையோ தாங்களாக மாற்றக் கூடாது. சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதென்றாலும் முதலில் உங்கள் வைத்தியரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

படுத்ததும் நெஞ்சு எரிகிறது, புளித்த ஏப்பம் வருகிறது

எங்கள் ஊரில் அதிகம் காண்பது இதைத்தான். கடை, தொழில் என்று இருப்பவர்கள் வீடு திரும்ப ஒன்பது மணி. கை கால் கழுவி, ஒன்பதரைக்குச் சாப்பிட்டு, பத்து மணிக்குப் படுக்கை. என் கணவரின் நேரம் அச்சொட்டாக இதுதான்.

இதில் நடப்பதை விளங்கிக் கொண்டால் மாற்றுவது சுலபம். உணவுக்குழாய் இரைப்பையுடன் சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. உணவு இறங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ளும் கதவு அது. கொழுப்பு அதிகமான சாப்பாடு அந்தக் கதவைத் தளர்த்திவிடும். அதே கொழுப்பு இரைப்பை வெறுமையாவதையும் தாமதப்படுத்தும். நிமிர்ந்து இருக்கும்போது பூமி ஈர்ப்பு நமக்கு உதவி செய்கிறது. நிறைந்த வயிற்றோடு படுத்தால் அந்த உதவியும் போய்விடும். அமிலம் மேலே வரும்.

இனி எங்கள் இரவுத் தட்டைப் பாருங்கள். புட்டுக்குள் தேங்காய்ப்பூ. பக்கத்தில் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு. கத்தரிக்காய் எண்ணெயைக் குடிப்பதைப் போல வேறெந்த மரக்கறியும் குடிக்காது. அதைப் பொரித்தெடுத்துக் கட்டிப் பாலும் விட்டுப் புளியும் விட்டு இறக்குகிறோம். மேலே வறுத்த மிளகாய்த்தூள். ஏற்கெனவே அமிலத்தால் புண்பட்ட உணவுக்குழாய்க்குப் புளியும் உறைப்பும் இன்னும் எரிச்சல் கொடுக்கும். ஆக அங்கே பிரச்சினை புட்டல்ல, புட்டின் மேல் ஊற்றியது.

செய்ய வேண்டியதை முக்கியத்துவத்தின்படி சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் விடுங்கள். இது ஒன்றே பலருக்குப் போதும். "ஒன்பது மணிக்கு வரும் மனிசனுக்கு அது எப்படி முடியும்?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கடையை முன்னேரமே பூட்டச் சொல்ல முடியாது. அதனால் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்தேன். ஆறரைக்கு மகன் சைக்கிளில் ஒரு பெட்டி கொண்டு போய்க் கடையில் கொடுப்பான். புட்டு, கறி, முட்டை எல்லாம் அதற்குள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு இடியப்பம், தண்ணிப்பாலில் வைத்த சொதி, அவ்வளவுதான். கொண்டு போக ஆள் இல்லாதவர்கள் காலையிலேயே கட்டிக் கொடுத்து விடலாம். முக்கியமான சாப்பாடு ஆறு ஏழு மணிக்குள் முடிய வேண்டும், இரவில் வீட்டில் சாப்பிடுவது கொஞ்சமாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

"சாப்பிடாமப் படுக்கிற மாதிரிக் கிடக்கு" என்று முதல் மூன்று நாள் சொன்னார். ஐந்தாம் நாள் கொப்பியில் அவருடைய வரியில் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்தது, பொரித்த குழம்பு, இறைச்சிக் கறி, கணவாய்ப் பிரட்டல் எல்லாம் மத்தியானத்துக்கு. இரவுக்கு முதற்பால் விடாத கறிகள். மீனை இரவில் பொரிப்பதற்குப் பதிலாகச் சொதிக்குள் போடுங்கள். சொதிக்குத் தேசிக்காய்ப் புளி விடும்போதும் அளவாக விடுங்கள்.

மூன்றாவது, படுக்கும் விதம். இடப்பக்கம் சரிந்து படுங்கள். இரைப்பை வளைந்து கிடக்கும் விதத்தால், இடப்பக்கம் படுத்தால் அதன் உள்ளடக்கம் உணவுக்குழாய் வாசலுக்குக் கீழே நிற்கும். வலப்பக்கம் படுத்தால் வாசலை முட்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கல்லோ மரக்கட்டையோ வைக்கலாம். தலையணையை அடுக்குவது அதே வேலையைச் செய்யாது. கழுத்தும் வயிறும் மடிந்து, வயிற்றில் அழுத்தம் கூடும்.

ஒடியல் கூழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நண்டும் இறாலும் மீனும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் போட்டு, புளியும் செத்தல் மிளகாயும் கரைத்து, முற்றத்தில் எல்லோரும் சுற்றியிருந்து பிலாவிலையில் மடித்துக் குடிப்பது. அந்தச் சுகத்தை யாரும் விடத் தேவையில்லை. ஆனால் உறைப்பு, புளி, நிறையத் தண்ணி, நிறைய உப்பு, நார் எல்லாம் ஒரே சட்டியில் இருக்கின்றன. இரவு ஒன்பது மணிக்குக் குடித்தால் இந்தப் பக்கத்தில் உள்ள அரைவாசி அறிகுறிகள் ஒரே இரவில் வரும். நாங்கள் இப்போது கூழைப் பின்னேரம் நாலரைக்கு இறக்குகிறோம். அன்றைக்கு அதுவே இரவுச் சாப்பாடு. வேண்டுமானால் எட்டு மணிக்கு ஒரு வாழைப்பழம்.

அமிலம் குறைக்கும் ஒமெப்பிரசோல் குளிசை எடுப்பவர்களுக்கு ஒரு விடயம்: அது சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு எடுத்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். எரியத் தொடங்கிய பிறகு எடுத்து, "குளிசை கேட்கேல்லை" என்று சொல்பவர்கள் பலர்.

இதையும் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். நெஞ்சு நோ எதுவென்றாலும் "வாய்வு" என்று சொல்லிச் சோடாவும் உள்ளியும் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. நெஞ்சை அழுத்துவது போல நோவு, இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டுதல் வந்தால் அது இருதயமாக இருக்கலாம். சாப்பாட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டு இருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், அது இலவசம். சாப்பாடு விழுங்கக் கஷ்டம், கறுப்பு மலம், காரணமில்லாமல் மெலிதல் இருந்தாலும் வைத்தியரைப் பார்ப்பதைப் பிற்போட வேண்டாம்.

எரிவில்லை, பசியில்லை, ஆனாலும் நித்திரை வரவில்லை

முதலில் பின்னேரத் தேத்தண்ணியைப் பாருங்கள். எங்கள் வீடுகளில் நாலு மணிக்கு ஒன்று, ஆறு மணிக்கு விளக்கு வைத்த பின் ஒன்று, படிக்கிற பிள்ளைக்கு ஒன்பது மணிக்கு ஒன்று. யாராவது வந்தால் இன்னொன்று, வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை.

நாள் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேர நித்திரைத் தூக்கம் அதிகரிக்கும். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் அந்த அடினோசின் போய்ச் சேர வேண்டிய இடங்களை அடைத்து வைக்கிறது. களைப்பு அப்படியே இருக்கும், களைப்பென்ற செய்தி மட்டும் போய்ச் சேராது. குடித்த கஃபீனில் அரைவாசி உடம்பை விட்டுப் போக ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். ஆளுக்காள் இது கூடிக் குறையும். கர்ப்பிணிகளுக்கு மிகவும் மெதுவாகப் போகும். மகன் ஒன்பது மணிக்குக் குடித்த தேத்தண்ணியில் அரைவாசி இரவு இரண்டு மணிக்கும் அவன் இரத்தத்தில் இருந்தது.

2013 இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வில், படுக்கைக்கு ஆறு மணித்தியாலம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கும் நித்திரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைந்தது. 400 என்பது பெரிய அளவு, நாலு கோப்பை கோப்பி வரும். ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் 40, 50 மில்லிகிராம் இருக்கலாம். ஆனால் சாயம் கடுப்பாக ஊற்றும் எங்கள் வெறுந்தேத்தண்ணியில் இன்னும் கூட. நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் கூட்டிப் பாருங்கள்.

மாற்றுவது இப்படி: கடைசித் தேத்தண்ணி பின்னேரம் மூன்று மணிக்கு. அதற்குப் பிறகு மல்லித் தண்ணி, வேர்க்கொம்புத் தண்ணி, சூடான பால் எதுவும் குடிக்கலாம். திடீரென்று முழுவதும் நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலையிடிக்கும். ஆகையால் ஒவ்வொரு கோப்பையாகக் குறையுங்கள். மகனுக்கு முதலில் ஒன்பது மணிக் கோப்பையை மட்டும் நிறுத்தினேன். "அம்மா, தேத்தண்ணி இல்லாம எப்படி முழிச்சிருந்து படிக்கிறது?" என்று கேட்டான். பத்தரைக்குப் படு, நாலரைக்கு எழுப்பி விடுகிறேன், அப்போது சாயம் போட்டே தருகிறேன் என்றேன். இப்போது அப்படித்தான் நடக்கிறது. சொக்கிலேற்றுப் பானம், கோலா, சக்திப் பானங்களிலும் கஃபீன் இருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தேத்தண்ணி காரணமில்லை என்றால் சோற்றைப் பாருங்கள். நான் சொல்வது சோற்றைக் குறைப்பதல்ல. இரவில் மாச்சத்தே கூடாது என்று இப்போது பலர் நம்புகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் போனில் சொன்னதைக் கேட்டு, வெறும் மீனும் சலாட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார்கள், பிறகு நித்திரை வராமல் புரளுகிறார்கள். மாச்சத்துச் சாப்பிடும்போது இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் உள்ள மற்ற அமினோ அமிலங்களைத் தசைக்குள் அனுப்பிவிடும். அதனால் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்துக்கு மூளைக்குள் போக வழி சுலபமாகும். அதிலிருந்துதான் செரட்டோனினும் பிறகு மெலட்டோனினும் உண்டாகின்றன.

இதில் நேரமும் சேர்ந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 12 ஆண்களை வைத்துச் செய்து 2007 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கெதியாகச் சீனியாக மாறும் அரிசிச் சோற்றைப் படுக்க நாலு மணித்தியாலம் முன்பு சாப்பிட்டவர்கள் சராசரியாக 9 நிமிடத்தில் நித்திரையானார்கள். மெதுவாகச் செமிக்கும் அரிசியை அதே நேரத்தில் சாப்பிட்டபோது 17.5 நிமிடம் எடுத்தது. அந்த முதல் அரிசியையே படுக்க ஒரு மணித்தியாலம் முன்பு சாப்பிட்டபோது 14.6 நிமிடம். 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, எல்லாரும் சுகதேகிகளான ஆண்கள். நீரிழிவுக்காரர் இதைப் பார்த்து வெள்ளைச் சோற்றுக்கு மாற வேண்டாம். எனக்கு இதில் பயன்பட்டது ஒன்றுதான்: சோறும் புட்டும் நித்திரைக்கு எதிரி அல்ல, ஏழு மணிக்குள் சாப்பிட்டால்.

இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு வியர்த்து விழிப்பு வருகிறது

நித்திரைக்குப் போகும்போது உடம்பின் உட்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். சித்திரை, வைகாசியில் காற்றில்லாத இரவில் அது இறங்குவதே சிரமம். அதற்குள் இறைச்சிக் கறியும் உறைப்பும் சேர்ந்தால் செமிபாட்டின் சூடும் கூடும். உறைப்பான இரவுச் சாப்பாடு நித்திரையின் முதல் கட்டத்தில் உடம்புச் சூட்டைக் கூட்டி நித்திரையைக் கலைத்ததை 1992 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சியை மத்தியானத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை இரவில் சூடாக்க வேண்டாம், அடுத்த நாள் மத்தியானத்துக்குக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

கள்ளோ சாராயமோ குடித்த இரவா என்றும் பாருங்கள். மது முதலில் கண்ணை மூட வைக்கும், அதனால்தான் அது நித்திரைக்கு நல்லது என்ற நம்பிக்கை போகாமல் நிற்கிறது. உடம்பு அதை எரித்து முடிக்கும் இரவின் பின்பாதியில் நித்திரை துண்டு துண்டாக உடையும், வியர்க்கும், கனவு அதிகமாக வரும்.

இனி இந்தப் பகுதியில் மிக முக்கியமானது. இன்சுலின் போடுபவர்களும் கிளிக்கிளசைட் போன்ற நீரிழிவுக் குளிசை எடுப்பவர்களும் இரவில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, கெட்ட கனவு கண்டு விழித்தால், அது இரத்தத்தில் சீனி தாழ்ந்து போனதாக இருக்கலாம். சாப்பாட்டைக் குறைத்த இரவிலும் விரதம் பிடித்த இரவிலும் இது நடக்கும். சீனி பார்க்கும் கருவி இருந்தால் உடனே குத்திப் பாருங்கள். 70 மில்லிகிராமுக்கு (mg/dL) கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பாருங்கள். கருவி இல்லாவிட்டாலும் சீனித் தண்ணியைக் கொடுத்து விடுங்கள், தாமதிப்பதுதான் ஆபத்து. ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 1990 க்கு அடியுங்கள்.

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருக்கும் நீரிழிவுக்காரர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். விரதத்தை விடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. தொடங்க ஒரு கிழமை முன்பு கிளினிக்கில் சொல்லி, குளிசையை எப்படி எடுப்பது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

சலம் போக இரண்டு, மூன்று தடவை எழும்ப வேண்டியிருக்கிறது

மாமியின் கதை இது. தண்ணியைக் குறைக்கச் சொல்லி ஏழு மணிக்குப் பிறகு ஒரு மிடறும் குடிக்காமல் இருந்தார். வாய் காய்ந்ததே தவிர எழும்புவது குறையவில்லை. கொப்பியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரவில் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு உப்பு: ஒரு நாள் கருவாடு, ஒரு நாள் மோர் மிளகாய், ஒரு நாள் தேசிக்காய் ஊறுகாய், இடையில் பைக்கற் மிக்சர்.

உப்பு அதிகமானால் உடம்பு தண்ணியைப் பிடித்து வைக்கும், பிறகு இரவில் அந்த உப்பையும் தண்ணியையும் சிறுநீரகம் வெளியேற்றும். ஜப்பானில் நாகசாகி ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட முடிவு இதை நன்றாகக் காட்டுகிறது. உப்பு அதிகம் சாப்பிட்டு இரவில் எழும்பிக்கொண்டிருந்தவர்களில், நாளுக்கு 10.7 கிராமிலிருந்து 8 கிராமுக்குக் குறைத்த 223 பேருக்கு, இரவில் எழும்புவது சராசரி 2.3 தடவையிலிருந்து 1.4 தடவையாக இறங்கியது. உலக சுகாதார அமைப்பு சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு, எல்லாம் சேர்த்து.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே எண்டு சொல்லுவினம் பிள்ளை" என்றார் மாமி. "உப்பை விட வேண்டாம் மாமி, மத்தியானம் சாப்பிடுங்கோ, இரவில கருவாடு மட்டும் வேண்டாம்" என்றேன். புட்டு மா குழைக்கும்போது போடும் உப்பையும் பாதியாக்கினேன். சம்பலுக்கு உப்பைக் குறைத்துத் தேசிக்காயைக் கொஞ்சம் கூட்டினேன். மாமிக்கு நெஞ்செரிவு இல்லாததால் அது ஒத்துவந்தது. பத்து நாளில் நான்கு தடவை இரண்டாக இறங்கியது, இப்போது பெரும்பாலும் ஒன்று.

தண்ணி குடிப்பதை நாள் முழுக்கச் சீராக வைத்து, படுக்கப் போகும் இரண்டு மணித்தியாலத்தில் மட்டும் குறைக்கலாம். வத்தகப்பழமும் வெள்ளரிக்காயும் பகலுக்கு. பின்னேரத்தில் கால் வீங்குபவர்கள் நாலு ஐந்து மணிக்கே ஒரு மணித்தியாலம் காலை உயர்த்தி வைத்துச் சரிந்திருந்தால், படுத்த பிறகு இறங்கும் நீரில் ஒரு பகுதி முன்கூட்டியே போய்விடும். சலத்தைக் கூட்டும் பிரஷர்க் குளிசை எடுப்பவர்கள் அதை எந்த நேரத்தில் எடுப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

தாகமும் சேர்ந்து இருக்கிறது என்றால் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பாருங்கள். வயது போன ஆண்களுக்குச் சலம் மெதுவாக, விட்டு விட்டு வந்தால் புரஸ்டேட் சுரப்பியைப் பரிசோதிக்க வேண்டும். இவற்றுக்குச் சாப்பாட்டு மாற்றம் மட்டும் காணாது.

வயிறு பொருமி, உப்பிசத்தால் புரள வேண்டியிருக்கிறது

கடலை, உளுந்து, பயறு, கோவா இவற்றில் உள்ள சில சீனிச் சத்துகளைச் சிறுகுடலால் உடைக்க முடியாது. பெருங்குடலில் கிருமிகள் அவற்றைப் புளிக்கவைக்கும்போது வாயு வரும். பயறு கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணியில் அவித்தால் குறையும்.

பால் குடித்த இரவில் மட்டும் பொருமுகிறதா என்றும் பாருங்கள். நம்மில் பலருக்கு வயது வந்த பின் பாற்சீனி செமிப்பதில்லை. அப்படியானால் "பால் குடித்தால் நித்திரை வரும்" என்பது உங்களுக்குப் பொருந்தாது, விட்டுவிடுங்கள்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. எல்லோருக்கும் நித்திரை நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். கொப்பியில் அந்த மாதம்தான் மோசம். பின்னேரத் திருவிழா முடிந்து வரும் வழியில் கச்சான், வடை, வீட்டுக்கு வந்து ஒன்பதரைக்குத் தோசையும் சாம்பாரும். மரக்கறி என்பதால் இலகுவான சாப்பாடு என்று நினைத்தது தவறு. இப்போது கோயிலுக்குப் போக முன்பே சாப்பிட்டு விடுகிறோம்.

விடியப்புறம் மூன்று, நாலு மணிக்குப் பசியில் விழிப்பு

இரவில் இரண்டு கிறீம் கிறாக்கரும் தேத்தண்ணியும் மட்டும் எடுப்பவர்களுக்கு வருவது. இலகுவான சாப்பாடு வேறு, பத்தாத சாப்பாடு வேறு. ஒரு முட்டையோ பருப்போ மீனோ, நாருள்ள ஒரு மரக்கறியோ சேருங்கள். குரக்கன் புட்டு, சிவப்பரிசி இடியப்பம் வெள்ளை மாவை விட நேரம் தாங்கும். சாப்பிட்ட பிறகும் பசித்தால் ஒன்பது மணிக்கு ஓர் இதரை வாழைப்பழம். தடிமன் வரும் என்று பயந்து பலர் இரவில் வாழைப்பழம் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறோம், அப்படி ஒன்றும் வரவில்லை.

படுத்ததும் கால் குடைகிறது, அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் போல் இருக்கிறது

இதை யாரும் சாப்பாட்டோடு சேர்த்து யோசிப்பதில்லை. பின்னேரமும் இரவும் ஓய்வாக இருக்கும்போது கால்களுக்குள் ஏதோ ஊர்வது போலத் தெரிந்து, எழும்பி நடந்தால் சுகமாகும் என்றால், உடம்பில் இரும்புச் சத்துக் குறைவு அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் மாதவிடாய் அதிகம் போகும் பெண்களுக்கும் இது அதிகம்.

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் இங்கே நேரடியாகக் கெடுதல் செய்கிறது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் மரக்கறியில் இருக்கும் இரும்பைப் பிடித்து, உடம்பில் சேரவிடாமல் செய்யும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். முருங்கையிலை வறைக்கும் பொன்னாங்காணிக்கும் கடைசியில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். ஆனால் இரும்புக் குளிசையைக் கடையில் நீங்களாக வாங்கி எடுக்க வேண்டாம். பெரிற்றின் என்ற இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துத்தான்.

எட்டு மணித்தியாலம் படுத்தேன், காலையில் அலுப்பு

விழிப்பே தெரியாமல் நித்திரை மேலோட்டமாக இருப்பது இது. நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 26 பேரை வைத்துச் செய்து 2016 இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு உதவும். நார்ச்சத்து அதிகம் சாப்பிட்ட நாளில் ஆழ்ந்த நித்திரை அதிகம். நிறைவுற்ற கொழுப்பு அதிகமான நாளில் ஆழ்ந்த நித்திரை குறைவு. சீனி அதிகமான நாளில் இடையிடையே கலைதல் அதிகம். அளந்து கொடுத்த சாப்பாட்டின்போது சராசரி 17 நிமிடத்தில் நித்திரையானவர்கள், தாங்கள் விரும்பியதைச் சாப்பிட்ட நாளில் 29 நிமிடம் எடுத்தார்கள்.

தேங்காயில் உள்ள கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்புத்தான். புட்டுக்குள் தேங்காய்ப்பூ, சம்பல், சொதி, பால்க்கறி என்று ஒரே தட்டில் நாலு இடத்தில் தேங்காய் வருகிறது. நாலில் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்துக்கு ஒரு கீரையும் ஒரு வறையும் வரட்டும். இரவில் கொத்துரொட்டி கிழமைக்கு மூன்று நாள் வாங்கும் வீடுகள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்: வெள்ளை மா, எண்ணெய், உப்பு, அதுவும் பத்து மணிக்கு.

பலமான குறட்டை, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புதல், காலையில் தலையிடி, பகலில் வண்டி ஓடும்போது கண் சொருகுதல் இருந்தால் சாப்பாட்டைக் கிண்டிக்கொண்டு நாளைக் கழிக்க வேண்டாம். நித்திரையில் மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம். தனக்கு மூச்சு நிற்பது ஆளுக்குத் தெரியாது. பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும், சொல்லுங்கள்.

ஒன்றும் பொருந்தவில்லை என்றால்

கிழமைக்கு மூன்று இரவுகளாவது, மூன்று மாதத்துக்கு மேல் நித்திரை குழம்பினால் அதை நாள்பட்ட நித்திரையின்மை என்கிறார்கள். அதற்கு முதல் சிகிச்சை குளிசை அல்ல, நித்திரைப் பழக்கத்தையும் அதைப் பற்றிய பயத்தையும் படிப்படியாக மாற்றும் பயிற்சி. மனக்கவலை, துக்கம், பழைய பயங்கரங்களின் நினைவு இவற்றாலும் நித்திரை போகும், எங்கள் மண்ணில் அது எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நித்திரைக் குழப்பத்துக்குப் புட்டையும் சொதியையும் மாற்றிப் பலனில்லை, கதைக்க ஓர் ஆள் வேண்டும், வைத்தியர் வேண்டும்.

போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். மாமியைக் கூட்டிக்கொண்டு போனபோது எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், எத்தனை தடவை என்றுதான் வைத்தியர் கேட்டார். மாமி யோசிக்கத் தொடங்க, நான் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன்.